மறு: ‘அநாதைப் படைப்பு’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பதிப்புரிமை இருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்கமுடியாத படைப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடையில் ஒன்றிரண்டு சொல்லைப் போட்டதோடு சரி, விரிவாகப் பதில் எழுதத்தான் நேரம் வரவில்லை. பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஸ்கேனருக்கு முன்னால் போய்க் குந்துகிறேன், எழும்ப இரவு பத்தாகிவிடுகிறது. இன்றைக்கு அதை மூடிவைத்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> சென்னை நண்பர்: ஆங்கிலத்தில் ‘ஓர்ஃபன் வேர்க்ஸ்’ என்றுதானே சொல்கிறார்கள்? ‘அநாதைப் படைப்பு’ என்று வைத்துவிட்டுப் போகலாம். கேட்டவுடனே புரிகிறது.

புரிகிறதுதான் ஐயா, ஆனால் பிழையாகப் புரிகிறது. நாங்களே அப்படிப் பிழையாக விளங்கிக்கொண்டு ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

2019இல் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, 1974இல் வந்த ஒரு சிற்றிதழின் பிரதிகளை எண்ணிமப்படுத்தினோம். இதழின் பெயரை எழுதவில்லை, ஏன் என்பது கீழே தெரியும். அட்டையில் ஒரு வாசிகசாலையின் ஊதா முத்திரை, உள்ளே கறையான் தின்ற ஓரம். ஒவ்வொரு தாளையும் தூரிகையால் தட்டித்தட்டித்தான் வைத்தோம். அதில் ஒரு கவிதை, புனைபெயரில். எழுதியவர் யார் என்று கேட்டுப் பார்த்தோம். இதழாசிரியர் செத்துப்போனார். அச்சகம் இருந்த இடத்தில் இப்போது போன் திருத்துகிற கடை. இரண்டு பழைய எழுத்தாளர்களைக் கேட்டோம், இருவரும் இரண்டு வெவ்வேறு பெயரைச் சொன்னார்கள். சரி, இவ்வளவு தேடினால் போதும் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு, ‘அநாதைப் படைப்பு’ என்று கீழே குறிப்புப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டோம்.

நாலு மாதம் கழித்துக் கனடாவிலிருந்து வைபரில் ஒரு அழைப்பு. ஒரு அக்கா. முதல் வசனமே, “அப்பா எனக்குப் பக்கத்திலதான் இருக்கிறார். அவரை அநாதை எண்டு எழுதினது ஆர்?” நான் பேச்சுமூச்சில்லாமல் நின்றேன். பிறகு அவரே போனை வாங்கினார். காசைப்பற்றி ஒரு சொல் இல்லை, எடுத்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. “தம்பி, மூண்டாவது வரியில ‘படலை திறந்தபடி’ எண்டு வரவேணும். அச்சுக்கோத்தவன் ‘பாடலை திறந்தபடி’ எண்டு போட்டிட்டான். நாற்பத்தைஞ்சு வருசமா அதைத் திருத்த ஒரு ஆளைத் தேடுறன்.” படலை என்றால் வேலிக் கதவு. நாங்களோ அந்தப் ‘பாடலை’ப் பெரிய படிமம் என்று நினைத்து, ஒரு நண்பர் அதைப்பற்றி அரைப்பக்கம் விளக்கமே எழுதியிருந்தார். அந்த விளக்கத்தை அன்றிரவே சத்தம்போடாமல் எடுத்துவிட்டோம். தன் சொந்தப் பெயர் வெளியே வரவேண்டாம், புனைபெயரே கிடக்கட்டும் என்றார் பெரியவர். அது அவருடைய உரிமை. எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆசிரியருக்குப் பொருளாதார உரிமையோடு தார்மீக உரிமையையும் கொடுக்கிறது. பெயர் போடச் சொல்வது, புனைபெயரிலேயே இருப்பது, படைப்பைச் சிதைத்தால் தடுப்பது எல்லாம் அதற்குள் வரும்.

ஆக, நாங்கள் ‘அநாதை’ என்று முத்திரை குத்திய கவிதைக்கு ஆள் இருந்தார், பிள்ளை இருந்தார், திருத்தமும் இருந்தது. எங்களுக்குத்தான் அவருடைய நம்பர் இல்லை.

இதற்காகத்தான் அந்தச் சொல் பிடிக்கவில்லை என்கிறேன். அநாதை என்றால் நாதன் இல்லாதது. இங்கே நாதன் இருக்கிறார், நமக்கு அகப்படவில்லை. இன்னொன்று, தாய்தகப்பன் இல்லாத பிள்ளையை மாமன் வந்து கூட்டிக்கொண்டு போனாலும் அது தாய்தகப்பன் இல்லாத பிள்ளைதான். படைப்பு விஷயத்தில் அப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012 பணிப்புரையை எடுத்துப் பாருங்கள், உரியவர் எப்போது வந்து “இது என்னுடையது” என்றாலும் அந்த நிலை அத்தோடு முடிகிறது. கனடாச் சட்டத்தின் 77ஆம் பிரிவு ‘அநாதை’ என்ற பேச்சையே எடுப்பதில்லை. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று மட்டும் சொல்கிறது. தேடினதைக் காட்டினால் பதிப்புரிமைச் சபை அனுமதிப்பத்திரம் கொடுக்கும், பிற்பாடு உரியவர் வந்தால் தனக்குரிய காசைக் கேட்டு வாங்கவும் வழி வைத்திருக்கிறது. பிரித்தானியாவிலும் 2014இல் இருந்து இதற்கு அனுமதி கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு. இந்தியச் சட்டத்தில் 31அ பிரிவு இருக்கிறது, சென்னை நண்பருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு கிடையாது. நூலகமும் ஆவணக்காப்பகமும் அழிந்துபோகாமல் காப்பதற்குப் பிரதி எடுக்கலாம், ஆராய்ச்சிக்கும் படிப்பிக்கவும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பாவிக்கலாம். முழு இதழையும் உலகத்துக்கே திறந்து வைப்பது அதற்குள் அடங்குமா என்றால், நான் துணிந்து ஓம் சொல்லமாட்டேன்.

கடதாசிக் காலத்தில் இந்தப் பிரச்சினை கண்ணிலேயே படவில்லை. வாசிகசாலையில் ஒரு பிரதியை நூறு பேர் வாசித்தாலும் அது ஒரு பிரதிதான், எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிருக்கவில்லை. இப்போது ஸ்கேன் எடுத்தால் ஒரு பிரதி, ஏற்றினால் பொதுமக்களுக்குத் தெரிவித்தல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமை. பதிப்புரிமையோ பதிவு செய்யாமலே, எழுதின கணத்திலேயே பிறந்துவிடுகிறது. காணிக்கு இருக்கிற மாதிரி ஒரு பதிவேடு இல்லை, புரட்டிப் பார்க்க இடமில்லை. அதற்குமேல் காலமும் நீண்டுகொண்டே போகிறது: எங்கள் 1979 சட்டத்தில் ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, 2003இல் அது 70 ஆனது. யாரென்றே தெரியாத புனைபெயர்ப் படைப்புக்கு முதல் வெளியீட்டிலிருந்து 70. 1974இல் வந்த இதழிலே ஆளைப் பிடிக்கமுடியாத ஒரு கவிதையை 2044 டிசம்பர் 31 வரை காத்திருந்துதான் ஏற்றவேண்டும் என்றால் அதுவரை கறையான் காத்திருக்குமா? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு கிட்டத்தட்ட 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்த ஊரிலே ‘ஆறுதலாகப் பார்ப்போம்’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வருவதில்லை. அவசரம் நியாயம்தான், அந்த அவசரத்தில்தான் நாங்கள் பிழையும் விட்டோம்.

> சென்னை நண்பர்: நாட்டுடைமை ஆக்கிவிட்டால் தீர்ந்தது. பாரதியை 1949லேயே செய்தார்களே.

எழுத்தாளரின் உரிமையை அரசு வாங்கிப் பொதுவில் விடுகிற அந்த வழக்கம் இங்கே இல்லை. ‘நாட்டுடைமை’ என்றால் எங்கள் ஆட்களுக்குத் தேயிலைத் தோட்டமும் பஸ்ஸும்தான் ஞாபகம் வரும். வழக்கம் இருந்தாலும் உதவாது, ஏனென்றால் நாட்டுடைமை ஆக்குவதற்கு வாரிசுகளுக்குப் பணம் கொடுக்கவேண்டும், நாம் தேடுவதே அந்த வாரிசைத்தான்.

இனிச் சொல். மட்டக்களப்பு நண்பர் ‘கேட்பாரற்ற படைப்பு’ என்றார். அழகான தமிழ். ஆனால் ஆபத்தானது. கேட்பாரில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் காதில் விழும். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும். வெளிநாடு போனவர்களின் வளவு, வேலி விழுந்து, பூவரசு காடாகிக் கிடக்கும். பார்க்கிறவனுக்கு அது கேட்பாரற்ற காணி. 1871 கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம், அதை வைத்து ஆட்சி உறுதி (காணிப் பத்திரம்) முடித்தவர்களும் உண்டு. யுத்தத்தால் போய் வழக்குப் போட முடியாமல் இருந்தவர்களுக்கு அந்த வருடங்களைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016இல் தனியாக ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆள் தூரத்தில் இருப்பது வேறு, ஆளே இல்லாதது வேறு என்று காணியில் இவ்வளவு பட்டுத் தெரிந்துகொண்டபிறகு கவிதைக்கு ‘கேட்பாரற்ற’ என்று பெயர் வைக்க என் கை வராது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று எதற்கும் ஒரு வழி சொல்லிப் பிரித்துவைத்த தேசவழமைக்காரர், அதாவது யாழ்ப்பாணத்து மரபுச் சொத்துச் சட்டக்காரர் நாங்கள், ஒன்றை யாருடையதும் இல்லை என்று விடுவது எங்கள் குணமும் இல்லை.

நான் முதலில் நினைத்தது ‘உரியவர் காணாப் படைப்பு’. பொருள் கச்சிதம், கனடாச் சட்டத்தோடும் ஒத்துப்போகிறது. கிளிநொச்சியில் இருந்து எழுதும் ரீச்சர் ஒரே வரியில் மறுத்தார்: “காணா என்று தொடங்கினால் எங்களுக்கு வேறொன்றுதான் ஞாபகம் வரும்.” அதற்குமேல் அவர் எழுதவில்லை, நானும் எழுதவேண்டியதில்லை. அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

‘ஆளறியாப் படைப்பு’ என்று இன்னொருவர். இது பாதிக்குத்தான் பொருந்தும். ஆள் யாரென்று தெரியாதது ஒரு வகை; ஆள் யாரென்று நன்றாகத் தெரிந்தும் எங்கே இருக்கிறார், இறந்திருந்தால் வாரிசு யார் என்று தெரியாதது மற்ற வகை. எங்களிடம் கிடக்கிறவற்றில் இரண்டாவதுதான் அதிகம். பெயரில்லாமல் வந்த படைப்போடும் இந்தச் சொல் குழம்பும்.

இதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தபோது வைபரில் அந்தப் பெரியவர் சொன்ன வினைதான் திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. தேடுறன். அவர் எங்களைத் தேடியிருக்கிறார், நாங்களும் அவரைத் தேடினோம், அரைகுறையாக. இதற்குப் பிரிவு வைத்திருக்கிற நாட்டுச் சட்டங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான், கவனமாகத் தேடினாயா, எங்கெங்கே தேடினாய், எழுதிவைத்திருக்கிறாயா. அதனால் என் முன்மொழிவு:

உரியவர்தேடு படைப்பு. சுருக்கமாக, தேடுபடைப்பு.

வினைத்தொகை என்பதால் மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது: உரியவரைத் தேடிய படைப்பு, தேடுகிற படைப்பு, தேடும் படைப்பு. தேடி முடித்தாயிற்று என்று கதவைச் சாத்திவிடாத சொல். ‘அநாதை’ ஒரு நிலையைச் சொல்கிறது, இது செய்யவேண்டிய வேலையைச் சொல்கிறது. வளைந்தும் கொடுக்கும்: தேடுபடைப்புப் பதிவேடு, தேடுபடைப்பு அனுமதிப்பத்திரம், உரியவர் வந்துவிட்டால் ‘தேடுபடைப்பு நீக்கம்’. ஒரு வேண்டுகோள், நேற்று ஒருவர் ‘தேடுப்படைப்பு’ என்று எழுதியிருந்தார், வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ‘ஊறுக்காய்’ என்று எழுதுகிறோமா?

> டொரன்டோ அக்கா: தேடுபொறி மாதிரி, நாம் தேடுகிற படைப்பு என்று எடுத்துவிடமாட்டார்களா? படைப்புக் கையில் இருக்கிறதே, ஆள்தானே இல்லை.

நியாயமான கேள்வி அக்கா, எனக்கும் அது உறுத்துகிறது. குறுவடிவம் தனியே நின்றால் குழப்பம் வரத்தான் செய்யும். அதனால் ஒரு ஆவணத்தில் முதல் தடவை ‘உரியவர்தேடு படைப்பு’ என்று முழுதாக எழுதி, பிறகு சுருக்கலாம். ‘உரித்தாளர்’ என்று வைத்தால் எங்கள் உறுதி எழுதும் நொத்தாரிசுமாருக்கு இனிக்கும், தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஓடாது, ‘உரியவர்’ இரண்டு கரைக்கும் பொது. சட்டம் படித்தவர்கள் யாரும் இதைவிட நல்லதாக ஒன்று வைத்திருந்தால் தயவுசெய்து போடுங்கள், எனக்கு இந்தச் சொல்லில் பிடிவாதம் இல்லை. ‘அநாதை’ வேண்டாம் என்பதில் மட்டும் பிடிவாதம்.

எங்கள் பட்டியலில் நேற்றிரவு மாற்றிவிட்டேன். அந்தக் கவிதைக்குக் கீழே இப்போது “ஆசிரியரின் அனுமதியுடன், அவர் திருத்தியபடி” என்று இருக்கிறது, மூன்றாவது வரியில் படலை திறந்தபடி. அதே இதழில் இன்னும் மூன்று பேரைப் பிடிக்கமுடியவில்லை. ஒருவர் அந்தக் காலத்தில் வல்வெட்டித்துறைப் பக்கம் படிப்பித்தவர் என்று மட்டும் கேள்வி. விபரம் தெரிந்த யாராவது குழுமத்தில் போடாமல் எனக்குத் தனிமடலில் எழுதுங்கள், அவருக்கும் புனைபெயரே விருப்பமோ என்னவோ.