பழைய ஸ்மார்ட்போன் பட்ட பாடு: பெர்ஜுந்தை பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

கடைப்பையன்:

போன வாரம் கோவில் வாசலில் ஒரு பெரியவர் தன் செட்டை என் கையில் திணித்தார். "தம்பி, லைன் வருது, பேச முடியுது, வாட்ஸ்அப் மட்டும் வரல. பார்த்துக் கொடு" என்றார். எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டேன். "கொரோனாவுக்கு முன்னாடி வந்துச்சு."

திறந்து பார்த்தால் ஆண்ட்ராய்டு 2.3. அந்தப் பதிப்பை வாட்ஸ்அப் 2020 பிப்ரவரியோடு கைவிட்டுவிட்டது. பெரியவர் சொன்ன கணக்கு சரிதான். அது போதாதென்று 2021 கடைசியில் நம் மலேசியாவில் 3ஜியையும் மூடிவிட்டார்கள். 4ஜி இல்லாத செட்டெல்லாம் 2ஜியில் தொங்குகிறது. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் ஓடும், இணையம் நகராது. செட்டில் கோளாறே இல்லை என்று அவருக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. "கெடாத சாமானை எதுக்குய்யா மாத்தணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நான் 2008-லிருந்து 2013 வரை பத்தாங் பெர்ஜுந்தை டவுனில் ஒரு ஹேண்ட்போன் கடையில் வேலை செய்தவன். 2007-லேயே ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா ஆக்கிவிட்டார்கள், ஆனால் கடைக்கு வந்த ஒருவர்கூட அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சம்பளம் போட்ட வாரக் கடைசியில் தோட்டத்து மோட்டார்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினல் செட்டா, ஏபி செட்டா?" (ஏபி என்றால் கம்பெனி முகவர் வழியாக வராமல் வெளியிலிருந்து இறக்கியது.) இரண்டாவது, "கேமரா எத்தனை மெகா?" ரேம், அதாவது போன் வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2007-ல் வந்த நோக்கியா என்95 அந்தக் காலத்து ராஜா. 5 மெகாபிக்சல், வைஃபை, ஜிபிஎஸ் எல்லாம் இருந்தன. ஆனால் ரேம் 64 எம்பி, பேட்டரி 950 எம்ஏஎச். பின்னால் வந்த 8 ஜிபி மாடலில் ரேமை இரட்டிப்பாக்கி, பேட்டரியை 1200 ஆக்கினார்கள். 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் எச்டிசி ட்ரீமுக்கே ரேம் 192 எம்பிதான். இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் போனில் இருப்பதோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குகூட வராது.

சரி, உங்கள் செட் உங்களை என்ன பாடு படுத்தியது? சொல்லுங்கள். திட்டுகிறவர்கள் கம்பெனி பெயரை விட்டுவிடுங்கள். இங்கே சண்டை வேண்டாம்.

குலைவெட்டி:

தம்பி, நான் 27 வருஷமாக எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நாட்டிலேயே முதன்முதலாக 1917-ல் வியாபாரத்துக்கென்று செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கம்தான். பெயர் தென்னமரம், நட்டது செம்பனை. அதை விடுங்கள்.

என் பிரச்சினை ரேம் இல்லை, விரல். முதலில் வைத்திருந்த டச் செட் அழுத்தினால் வேலை செய்கிற வகை. மேலே மெல்லிய தாள், கீழே ஒரு தாள், அழுத்தும்போது இரண்டும் தொட்டுக்கொள்ளும். நகம், தீக்குச்சி, கையுறை எதுவாக இருந்தாலும் சரி, அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தம்தான். பார்ப்பதற்கு மங்கலாக இருக்கும், தேய்த்து நகர்த்துவது கஷ்டம், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

2012-ல் மகன் புதுசு வாங்கிக் கொடுத்தான். கண்ணாடி பளபளவென்று இருந்தது. தோல் மின்சாரம் கடத்துவதை உணர்கிற வகையாம். என் விரலில் எங்கே தோல்? காய்ப்புத்தான். கம்பு பிடித்துப் பிடித்து நுனியெல்லாம் கட்டை மாதிரி. அடித்துக்கொண்டே இருக்கும், அழைப்பை எடுக்க அந்தப் பச்சையை இழுக்க வேண்டும், இழுத்தால் நகராது. கையுறை போட்டால் சுத்தம். மழையில் நனைந்தால் தானாகவே யாருக்கோ போன் போடும்.

ஒருநாள் மேனேஜர் கூப்பிடுகிறார். விரலால் மூன்று தடவை இழுத்தேன், வரவில்லை. கடைசியில் செட்டைத் தூக்கிக் கன்னத்தில் வைத்து இழுத்தேன். எடுத்துவிட்டது! எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டு வருஷம் எனக்கு "முத்தப் போன்" என்று பெயர்.

கடைப்பையன்:

அண்ணே, சிரிக்கக் கூடாது என்று பார்க்கிறேன், முடியவில்லை. அந்த அழுத்து வகையில் 2008-ல் நோக்கியா 5800 வந்தபோது பெட்டிக்குள் கித்தார் மீட்டுகிற வில்லை மாதிரி ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். திரையைத் தொடத்தான் அது. பையன்கள் அதை மோட்டார் சாவியில் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். திரையில் அது பட்டதை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பிரிவு:

எனக்கு இடப் பஞ்சம். 2011 கடைசியில் வாங்கிய மலிவு ஆண்ட்ராய்டு. உள்ளே ஆப் போட இருந்த இடம் 180 எம்பி. எட்டு ஜிபி கார்டு போட்டிருந்தேன், அதில் பாட்டு வைக்கலாம், படம் வைக்கலாம், ஆப் முழுசாகப் போகாது. ஆண்ட்ராய்டு 2.2-லிருந்து ஆப்பைக் கார்டுக்கு மாற்றலாம் என்றார்கள். மாற்றினாலும் ஒரு பகுதி உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சில ஆப் மாறவே மாறாது. வீடு முழுக்க அறை இருந்தும் எல்லோரும் அடுப்படியிலேயே படுக்கிற மாதிரி.

அதனால் முறை வைத்துக்கொண்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை வாட்ஸ்அப். சனிக்கிழமை காலை அதை அழித்துவிட்டு ஃபேஸ்புக் இறக்குவேன். ஞாயிறு ராத்திரி அதை அழித்துவிட்டு மறுபடி வாட்ஸ்அப். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டில் லைன் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றால்தான் இறங்கும். கொசுக் கடியில் ஒரு மணி நேரம். அந்தத் தொட்டியடியில் என்னைப் போலவே நாலு பேர் நிற்பார்கள். அதில் ஒருவர் இப்போது என் மச்சான். அக்காவுக்கு மாப்பிள்ளை அங்கேதான் அமைந்தது என்பது தனிக் கதை.

டீச்சரம்மா:

நீங்கள் எல்லோரும் இடம், விரல் என்கிறீர்கள். எனக்குக் கட்டம். தமிழ் எழுத்து வர வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் பொது எண் தரும் யூனிகோட்டில் தமிழ் 1991-லிருந்தே இருக்கிறது. போனுக்குள் எழுத்துரு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கணினி தெரிந்த ஒரு பையன் என் செட்டைப் பிரித்து மேய்ந்து தமிழ் எழுத்துரு ஏற்றிக் கொடுத்தான். கட்டம் போனது, ஆனால் கொம்பு இடம் மாறியது. "பொங்கல்" என்று வந்தால் ப முதலில் நிற்கும், கொம்பு அதற்குப் பின்னால் தொங்கும். எழுத்து இருந்தால் போதாது, எதை எதற்கு முன்னால் வைப்பது என்று அடுக்கத் தெரிந்த நிரலும் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பைத்தான் போனும் செய்தது. பிள்ளையைத் திருத்திவிடலாம்.

பிறகு ஒரு தோழி ஓபரா மினி என்ற பிரவுசரில் ஒரு வித்தை காட்டினாள். முகவரி அடிக்கும் இடத்தில் "ஓபரா கான்ஃபிக்" என்று ஆங்கில எழுத்தில், நடுவில் முக்காற்புள்ளி வைத்து அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். கடைசியில் இருக்கும் ஒரு "நோ"வை "யெஸ்" ஆக்கினால், தமிழ்ப் பக்கத்தை அவர்களுடைய சர்வரிலேயே படமாக மாற்றி அனுப்பும். போன் தமிழ் கற்க வேண்டியதில்லை, படம் காட்டினால் போதும். வலைப்பூக்கள் எல்லாம் அப்படித்தான் படித்தேன். எழுத்தைக் காப்பி எடுக்க முடியாது, டாப் அப் காசும் சீக்கிரம் கரையும். பரவாயில்லை என்று இருந்தேன்.

அதையே பள்ளிக்கும் கொண்டுவந்துவிட்டேன். பெற்றோர்களுக்குத் தமிழில் செய்தி அனுப்பினால் பாதிப் பேருக்குக் கட்டம். அதனால் கரும்பலகையில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இன்றைக்கு எல்லாப் போனிலும் தமிழ் அழகாக வருகிறது. ஆனாலும் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்க அறிவிப்பு இன்னமும் போட்டோவாகத்தான் போகிறது. மாற்றலாம் என்றால் தலைவர் ஒப்புக்கொள்ளவில்லை.

கிராணி மகள்:

டீச்சர், வாட்ஸ்அப்புக்கு முந்திய எஸ்எம்எஸ் கொடுமையை விட்டுவிட்டீர்களே! ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழில் அடித்தால் 70. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு இடம் 140 பைட்தான், தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட் தின்னும். அதிலும் "கி" நமக்கு ஒரு எழுத்து, போனுக்கு இரண்டு. புள்ளிக்கும் தனி எண்ணிக்கை.

"நாளை காலை 8 மணிக்கு பள்ளிக் கூட்டம். தவறாமல் வரவும்." இதை எண்ணினால் இடைவெளியோடு 52. முன்னால் ஒரு வணக்கம் ஐயா, பின்னால் ஒரு தலைமையாசிரியர் என்று வைத்தால் 70 தாண்டிவிடும், இரண்டு எஸ்எம்எஸ் காசு. மரியாதைக்கு நாம் தனியாகப் பணம் கட்டினோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறனின் செல்லினம் இருந்ததால் தமிழில் அடிக்கவாவது முடிந்தது. வாங்குகிறவர் போனிலும் தமிழ் வர வேண்டுமே.

அதனால் எங்கள் தோட்டத்தில் எல்லாமே ஆங்கில எழுத்தில் தமிழ். ஒருமுறை மண்டோர் எல்லோருக்கும் "நாளை காலை வேலை" என்று அனுப்பினார். அவசரத்தில் "kaalai"யில் ஒரு "a" குறைந்து "kalai" ஆகிவிட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆறு பேர் மருந்து பம்பைத் தூக்கிக்கொண்டு களை அடிக்க வந்து நின்றார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியான அப்பா ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கு யார் களை போட்டது?" என்று கேட்டாராம்.

இன்னொன்று. அப்பா இந்தியாவிலிருந்து வந்த ஒரு செட்டில் பெயர்களைத் தமிழில் சேர்த்து, பத்திரமாக இருக்கட்டும் என்று சிம்மில் வைத்தார். அந்த சிம்மில் ஒரு பெயருக்கு 14 பைட். தமிழில் ஆறு எழுத்துக்கு மேல் போகவில்லை. "முருகன்" போனுக்கு ஏழு. புள்ளி விழுந்து "முருகன" ஆகிவிட்டார். தோட்டத்தில் முருகன் மூன்று பேர். மூன்று "முருகன" வரிசையாக நிற்பார்கள். அப்பா ஒவ்வொருவராக அடித்துப் பார்த்து, குரலை வைத்துக் கண்டுபிடிப்பார்.

குலைவெட்டி:

அந்த மூன்றில் ஒன்று நான். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டு "நீ எந்த முருகன்?" என்று கேட்ட கிராணி உங்கள் அப்பாவா?

கிராணி மகள்:

ஐயையோ, மாமா! அவரேதான்.

லோ யாட் அண்ணன்:

எல்லோரும் மலிவு செட்டையே சொல்கிறீர்கள். விலையான செட்டிலும் ஓட்டை இருந்தது. 2007-ல் வந்த முதல் ஐபோனில் 3ஜி இல்லை, வீடியோ எடுக்க முடியாது, எம்எம்எஸ் இல்லை, காப்பி-பேஸ்ட்கூட இல்லை. காப்பி-பேஸ்ட் 2009 ஜூனில்தான் வந்தது. நம் நாட்டில் அதிகாரபூர்வமாக ஐபோன் விற்க ஆரம்பித்ததே 2009 மார்ச்சில், 3ஜி மாடலோடு. அதற்கு முன்னால் கோலாலம்பூர் போய் வாங்கி வந்ததெல்லாம் வெளிநாட்டுச் செட்.

எங்கள் லயத்தில் ஒருவன் ரெண்டு மாசச் சம்பளம் போட்டு ஒரு பெரிய டச் செட் வாங்கி வந்தான், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் புளூடூத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, பாட்டு அனுப்பு" என்று உட்கார்ந்தோம். அதில் பாட்டு அனுப்பவும் முடியாது, வாங்கவும் முடியாது. நூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்) செட் வைத்திருந்த நாங்கள் எங்களுக்குள் பாட்டை மாற்றிக்கொண்டோம். அவன் பாவம், எல்லோருக்கும் தே தாரே டீ வாங்கிக் கொடுத்தான்.

மூன்றாம் பிரிவு:

கடைப்பையன், அந்தப் பெரியவர் என்ன ஆனார்? புதுசு வாங்கினாரா?

கடைப்பையன்:

வாங்கினார். பேத்தி பினாங்கில் படிக்கிறாள், வீடியோவில் முகம் பார்க்க வேண்டுமாம். நேற்று வந்து நம்பர்களையெல்லாம் மாற்றச் சொன்னார், மாற்றிக் கொடுத்தேன். பழைய செட்டை விடமாட்டேன் என்கிறார். காலை நாலரைக்கு அலாரம் அடிக்க அதுதான் சரியாம். புதுசின் சத்தம் "பிள்ளை கூப்பிடுற மாதிரி இருக்கு, எழும்ப மனசு வரல" என்றார். ஒரே சிக்கல், பேட்டரி உப்பிப் பின்மூடி சரியாக மூடவில்லை. அதை அப்படியே வைத்துத் தூங்காதீர்கள் என்று கழற்றி வாங்கி வைத்திருக்கிறேன். அதே அளவில் பழைய பேட்டரி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பாசார் பக்கம் வந்து எடுத்துக்கொள்கிறேன்.