புதுப்பிப்பு: நாடகப் பட்டம், செலவும் வரவும்

தங்கச்சி நாடகமும் அரங்கியலும் படிக்க நிற்கிறாள், பிழைக்க வழி இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். "காசு வீண்" என்று பலர் எழுதினீர்கள். வீட்டில் இருந்து கணக்குப் பார்த்தோம்.

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணக் கம்பஸ் கிடைத்தால் சாவகச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். மட்டக்களப்பு என்றால் அறை வாடகை, சாப்பாடு. ஆனால் மிகப் பெரிய செலவு அது இல்லை; படிக்கிற வருடங்களில் உழைக்காமல் இருப்பதுதான். அதை ஒருவரும் எழுதவில்லை.

வரவு? பாடசாலையில் 6ஆம் தரத்திலிருந்தே நாடகமும் சங்கீதம், நடனம் போல ஓர் அழகியல் பாடம், ஆகவே ஆசிரியர் வேலை உண்டு. ஆனால் பட்டதாரி நியமனம் அரசு கூப்பிடும்போதுதான் வரும். அதுவரை டியூசன், நாடகப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என்று ஓட்ட வேண்டும். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவும் ஆசிரியராக இருந்தவர்தானே.

சரி, முடிவு: பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நாடகத்தையே முதலில் போடுகிறாள். அம்மாவும் சம்மதம். கூடவே வீடியோ எடிற்றிங் பழகுகிறாள்; கலியாண வீட்டுக்காரர் அதற்குக் கையோடு காசு தருவார்கள்.