3.5 கிலோவுக்குள் ஆறு ஸ்ட்ரிங் பேஸ்: ஹெட்லெஸ்ஸா, வழக்கமான தலையா?

கீழ்ஸ்தாயி:
பி-ஈ-ஏ-டி-ஜி-சி ட்யூனிங்கில் ஆறு ஸ்ட்ரிங் பேஸ் கிடார் வேண்டும். எடை மூன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது. மூன்று மணி நேரம் நின்று வாசிக்க வேண்டியிருக்கும். ஸ்லாப் (கட்டைவிரலால் அடித்து வாசிப்பது) கிடையாது, விரலால்தான். மேல் ஸ்ட்ரிங்குகளில் கார்டும் உண்டு. கடைகளில் பார்ப்பது நான்கு, நாலரை கிலோ வருகிறது. எதைத் தேடலாம்?

வெண்கலத்தந்தி:
ஹெட்லெஸ்தான் (நெக் முனையில் ட்யூனர் தாங்கும் தலை இல்லாதது), வேறு பேச்சே இல்லை. ஐபனேஸ் இஎச்பி வரிசையில் ஆறு ஸ்ட்ரிங் மாடல் இருக்கு, அதை முதலில் கையில் எடுத்துப் பாருங்க. பி பக்கம் 35 அங்குலம், சி பக்கம் 33 அங்குலம், மல்டி ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் ஒலிக்கும் நீளம் (ஸ்கேல்) மாறும். சாதாரண ஸ்ட்ரிங்கே போடலாம், இரண்டு முனையிலும் குண்டு வைத்ததைத் தேடி அலைய வேண்டாம். நெக்கின் கடைசியில் தொங்கும் சுமை போய்விட்டால் இடது கைக்கு எவ்வளவு நிம்மதி என்று நின்று வாசித்தால்தான் தெரியும்.

மரத்தூள்:
நிம்மதி ஸ்ட்ரிங் அறுகிற வரைக்கும்தான். ட்யூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் சாவி) எந்த ஊரிலும் கிடைக்கும். ஹெட்லெஸில் சுருதி சேர்ப்பது பாடியில் ஸ்ட்ரிங்கைப் பிடிக்கும் ப்ரிட்ஜில்தான், அதில் ஒரு திருகின் மரை தேய்ந்தால் அந்தக் கம்பெனி உதிரியே வர வேண்டும், அதுவரை கிடார் பெட்டியில்தான். என் யோசனை: மெல்லிய பாடி உள்ள சாதாரண பேஸ் வாங்கி ட்யூனரை மாற்றுங்க. வழக்கமான பேஸ் ட்யூனர் ஒன்று சுமார் 100 கிராம், ஹிப்ஷாட் கம்பெனியின் அல்ட்ராலைட் ட்யூனர் 60 கிராம் அளவில் இருக்கும். ஆறுக்கு 240 கிராம் மிச்சம்.

வெண்கலத்தந்தி:
நாலரை கிலோவில் 240 கிராம் போனால் 4.26. அவர் கேட்டது மூன்றரை.

மரத்தூள்:
தராசை மட்டும் பார்க்காதீங்க, எந்த இடத்தில் குறைகிறது என்று பாருங்க. மேல் கொம்பில் ஸ்ட்ராப் மாட்டும் பொத்தான் 12ஆம் ஃப்ரெட்டுக்கு (நெக்கின் குறுக்கே உள்ள 12ஆவது கம்பி) நேராக இருக்கு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ட்யூனர் சுமார் 53 செ.மீ., ப்ரிட்ஜ் 43 செ.மீ. தலையில் எடுக்கும் 240 கிராமுக்கு ஈடுகட்ட ப்ரிட்ஜ் பக்கம் 300 கிராம் கட்டித் தொங்கவிட வேண்டும். நெக் கீழே சாய்வதை நிறுத்த இதைவிட மலிவான வழி இல்லை. வாங்கும் முன் ஹெட்ஸ்டாக் துளையின் விட்டத்தை அளந்துவிடுங்க. அளவு தப்பினால் மரத்தைக் குடைய வேண்டி வரும்.

உளிச்சத்தம்:
இருவரும் மரத்தை மறந்துவிட்டீர்கள். பாடியின் கன அளவு நான்கு லிட்டர் என்று வைத்தால் புபிங்காவில் மூன்றரை கிலோ, ஆல்டரில் 1.8, பவுலோனியாவில் 1.2. எடை போவது இங்கேதான். பவுலோனியா நகம் பட்டாலே பள்ளம் விழும் அளவுக்கு மென்மை, அதனால் ப்ரிட்ஜ் திருகை நேரே மரத்தில் இறக்கக் கூடாது. ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் இழுக்கும். பித்தளை மரைக்கூடு பதித்திருக்கிறதா, ஸ்ட்ராப் பொத்தானுக்கு அடியில் கடின மரக் கட்டை வைத்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வெண்கலத்தந்தி:
பாடியை மட்டும் இளைக்க வைத்துத் தலையை அப்படியே விட்டால் நெக் இன்னும் வேகமாகச் சாயும். ஒன்பது செ.மீ. அகல ஸ்வேட் ஸ்ட்ராப் போட்டால் தோளில் உராய்ந்து நிற்கும், ஆனால் சாய்வு மறையுமே தவிர தீராது. அதனால் வழவழப்பான நைலான் ஸ்ட்ராப்பில் மாட்டி, இரண்டு கையையும் விட்டுப் பாருங்க. நெக் தரைக்குச் சமமாகவோ சற்று மேலேயோ நின்றால் சரி.

கீழ்ஸ்தாயி:
33 அங்குல சாதாரண ஸ்கேல் எடுத்தால் இன்னும் குறையாதா?

உளிச்சத்தம்:
குறையும், பி ஸ்ட்ரிங்கும் தளரும். அதன் சுருதி 30.87 ஹெர்ட்ஸ். ஒரே தடிமன் ஸ்ட்ரிங்கில் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 34இலிருந்து 33க்கு வந்தால் ஆறு சதவீதம் குறைவு, 35க்குப் போனால் ஆறு சதவீதம் கூடுதல். பேஸ் கலைஞர் ஆன்டனி ஜாக்சனுக்கு கிடார் செய்பவரான கார்ல் தாம்சன் 1975இல் ஆறு ஸ்ட்ரிங் செய்து கொடுத்தார். பின்னால் ஃபோடேரா கம்பெனி ஜாக்சனுக்குச் செய்தவை 36 அங்குலம். ஆனால் அவர் உட்கார்ந்து வாசித்தவர். நீங்கள் நிற்கப் போகிறீர்கள். 33 என்றால் பி-க்கு .130 அங்குல தடிமனுக்குப் பதில் .135 போடுங்கள், நட் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் தங்கும் பட்டை) வெட்டையும் அதற்கேற்ப அகலப்படுத்த வேண்டும்.

மரத்தூள்:
மல்டி ஸ்கேலில் பி பக்கம் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 50 மி.மீ., 34 அங்குலத்தில் 48.5. சின்ன கைக்கு அந்த ஒன்றரை மி.மீ. தெரியும். இன்னொன்று, ப்ரிட்ஜில் ஸ்ட்ரிங் இடைவெளி 19க்குப் பதில் 16.5 மி.மீ. என்றால் ஐந்து இடைவெளிக்கு ப்ரிட்ஜில் மொத்த அகலம் 12.5 மி.மீ. குறையும், நெக்கும் ஒல்லியாகும். ஸ்லாப் இல்லாதவருக்கு அது லாபம்தான்.

வெண்கலத்தந்தி:
அதில் சண்டையில்லை. ஹெட்லெஸ் எடுத்தால் ஸ்ட்ரிங் மாற்றும் வரிசையை மட்டும் பிசகாதீங்க: தலைப்பக்கத் திருகை முறுக்கிப் பிடித்து, வெளியே நீளும் முனையை 90 டிகிரி மடக்கி, அப்புறம்தான் வெட்டணும். மடக்காமல் வெட்டினால் ஸ்ட்ரிங்கின் மேல்சுற்றுக் கம்பி உள்ளே நழுவி, ஸ்ட்ரிங் புதிதாக இருந்தும் செத்த ஒலி வரும்.

மரத்தூள்:
எதை எடுத்தாலும் அந்த ஒரு கிடாரையே எடை போட்டுப் படம் அனுப்பச் சொல்லுங்க, மாடல் எடையை நம்பாதீங்க. பெட்டி தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு போதும். ஒரே மாடலில் மரத்துக்கு மரம் எடை மாறும்.