அடாப்டர், கன்வர்ட்டர்: இரண்டுக்கும் 'மாற்றி'யா?

அன்பு நண்பர்களே,

வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் பூட்டி இழுப்பவர்களுக்கான வட அமெரிக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும். பிளக் செருகி, கனெக்டர் இணைப்பி, அதில் சிக்கலில்லை. வண்டியில் ஏழு முனைச் சாக்கெட், டிரெய்லரில் நான்கு முனைத் தட்டைப் பிளக் என்றால் நடுவில் அடாப்டர் போடுகிறார்கள். அது வடிவத்தை மட்டும்தான் ஒத்துப்போக வைக்கும். கன்வர்ட்டர் வேறு. சில வண்டிகளில் பிரேக் விளக்குக்கும் திரும்பும் விளக்குக்கும் தனித்தனி ஒயர். நான்கு முனை டிரெய்லரில் இரண்டும் ஒரே ஒயரில் வர வேண்டும்: இடப்பக்கத்துக்கு மஞ்சள், வலப்பக்கத்துக்குப் பச்சை. தனித்தனியாக வருவதைச் சேர்த்து அனுப்புவதுதான் கன்வர்ட்டர். பழைய மொழிபெயர்ப்பில் இரண்டையும் 'மாற்றி' என்றே எழுதியிருக்கிறார்கள். கன்வர்ட்டர் வேண்டிய இடத்தில் அடாப்டரை மாட்டினால் பிளக் கச்சிதமாக உட்காரும், விளக்கு மட்டும் ஒழுங்காக எரியாது. இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.

க.

*

க.,

அடாப்டருக்குப் 'பொருத்தி' போதுமே. புதிதாக எதற்கு?

ம.

*

ம. அவர்களுக்கு,

'பொருத்தியைப் பொருத்தி இணைக்கவும்' என்று எழுதிப் பாருங்கள். 'பொருத்தி' வினையெச்சமும்தான். செய்முறைக் குறிப்பு முழுக்க எச்சங்கள் வரும். படிப்பவர் எங்கே மூச்சு விடுவார்?

ந.

*

நண்பர்களே,

தேடும் சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. இழுக்கும் வண்டி நிலைமொழி, டிரெய்லர் வருமொழி. இரண்டு உயிர்கள் நேராகச் சேராதபோது நடுவில் யகரமோ வகரமோ வந்து சேர்த்துவைக்கிறதே, உடம்படுமெய், அதுதான் அடாப்டர். தான் எந்தப் பொருளும் தராது, இரு பக்கத்தையும் உடன்படச் செய்யும். ஆகவே 'உடம்படுமுனை'. கன்வர்ட்டரோ விகாரப் புணர்ச்சி, சேரும்போது எழுத்தே மாறிவிடும். நன்னூல் சொல்லும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றில் இது எதில் சேரும் என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். பிரேக், இடத் திருப்பம், வலத் திருப்பம் என்ற மூன்று ஒயர் இரண்டாவதால் கெடுதல் என்றே படுகிறது.

இ.

*

ஐயா, உங்கள் கணக்கில் நிலைமொழி சாலையில் ஓடுகிறது, வருமொழி இழுபடுகிறது. உவமை அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு 'உடம்படுமுனை' என்று படிப்பவர் முதலில் தன் உடம்பைத்தான் பார்த்துக்கொள்வார். 'அடாப்டர்' என்றே விடுங்கள். கடையில் கேட்கும் சொல் அதுதான்.

ச.

*

கடையில் கேட்பதெல்லாம் தமிழாகிவிட்டால் இந்தக் குழு எதற்கு, ச.?

ந.

*

இன்னொன்று. கையேட்டில் ஆண் முனை, பெண் முனை என்று எழுதிவிடாதீர்கள், க. நான்கு முனைத் தட்டை இணைப்பியில் இரண்டும் கலந்திருக்கும். வண்டிப் பக்கத்தில் மின்சாரம் வரும் மூன்றும் உறைக்குள், தரை இணைப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லர் பக்கத்தில் அப்படியே தலைகீழ். கழற்றிய பிறகு இரும்பில் உரசி ஷார்ட் ஆகக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. 'வண்டி முனை', 'டிரெய்லர் முனை' என்றால் குழப்பமில்லை.

ம.

*

முனைகளுக்கு நிறத்தை வைத்தே பெயர் வைத்தால் என்ன? வெள்ளை முனை, நீல முனை. சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

ச.

*

வைக்கவே கூடாது. வெள்ளை பெரும்பாலும் தரை இணைப்பு, சரி. நீலத்தைப் பாருங்கள். பிக்கப் வண்டியின் ஏழு முனையில் டிரெய்லரின் மின் பிரேக்குக்கு, கனரக லாரியின் எஸ்ஏஇ ஜே560 தர இணைப்பியில் துணை மின்சாரத்துக்கு, ஐரோப்பிய ஐஎஸ்ஓ 1724 தர இணைப்பியில் பின்பக்க மூடுபனி விளக்குக்கு. கருப்பும் அப்படித்தான்: பிக்கப்பில் பேட்டரி மின்சாரம், லாரியில் ஓர விளக்குகள். மூன்றுமே ஏழு முனைதான், ஆனால் பிக்கப்பில் தட்டை அலகு, லாரியில் உருண்டை முள். ஒன்றுக்குள் ஒன்று போகாது. 'ஏழு முனை' என்று மட்டும் எழுதினாலே வாசகர் மாட்டிக்கொள்வார். 'ஏழு அலகு', 'ஏழு முள்' என்று பிரித்து எழுதுங்கள்.

ம.

*

நண்பர்களே,

நேரமில்லை, முடிக்கிறேன். அடாப்டருக்கு 'இடையிணைப்பி'. இணைப்பி ஏற்கெனவே பழகிய சொல், எச்சமாகவும் படாது. கன்வர்ட்டருக்குச் 'சைகைமாற்றி'. முனைகளுக்கு ம. சொன்னபடி அலகு, முள். ச.வுக்காகக் கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலில் அடாப்டரும் கன்வர்ட்டரும் இருக்கும். ம., ந., ச. மூவரும் சரி என்றுவிட்டார்கள். இ. ஐயா மன்னிக்க.

க.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'உடம்படுமுனை' போனால் போகட்டும். ஆனால் அந்தப் பெட்டி எதையும் மாற்றவில்லை. பிரேக்கையும் திருப்பத்தையும் ஒரே ஒயரில் சேர்க்கிறது. 'சைகைகூட்டி' என்பதே சரி.

இ.

*

'கூட்டி'யும் வினையெச்சம்தான், ஐயா.

ந.