1,200 டாலர் அனுப்பி 9 நாள் ஆகிறது, கணக்கில் வரவில்லை. எங்கே நிற்கும்?

காரிமங்கலத்தான்:

வணக்கம். காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தே ஷாப்பிஃபை தளத்தில் ஆன்லைன் கடைகள் அமைத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன், இரண்டு வருடமாக. டெக்சாஸில் இருக்கும் கிளையன்ட் இதுவரை பேபாலில்தான் அனுப்பினார். 1,000 டாலருக்கு எழுபது எண்பது டாலர் அதிலேயே போய்விடுகிறது என்பதால் இந்த முறை நேராக வங்கிக்கே அனுப்பச் சொல்லி ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள அடையாளக் குறியீடு), ஐஎஃப்எஸ்சி எல்லாம் கொடுத்தேன். அவர் கணக்கில் கழிந்து 9 நாள் ஆகிறது. கிளையில் கேட்டால், எங்களுக்கு ஒன்றும் காட்டவில்லை, இதெல்லாம் சேலத்தில் பார்ப்பார்கள் என்கிறார்கள். சேலத்தில் யாரை என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

அப்பா ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி போடுகிறவர். அடுத்த நடவுக்குள் சொட்டுநீர்க் குழாய் மாற்றித் தருகிறேன் என்று இந்தப் பணத்தை நம்பித்தான் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு பதற்றம். கிளையன்ட் நல்ல மனிதர், வேண்டுமானால் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தில் அனுப்பட்டுமா என்கிறார். கூடவே டபிள்யூ-8பென் என்று ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறார். அதை நிரப்பிக் கொடுத்தால் அமெரிக்காவில் வரி கட்ட வேண்டி வருமா?

ஓசூர்_கோடர்:

தம்பி, பணம் எங்கும் போகாது, முதலில் அதை நம்புங்கள். அவர் வங்கியிலிருந்து நேராக உங்கள் கிளைக்கு வருவதில்லை. நடுவில் ஒரு வங்கி, அப்புறம் உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு, அங்கே யாராவது ஒருவர் ‘இது எதற்கான பணம்’ என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ரூபாயாக மாறிக் கணக்குக்கு வரும். முக்கால்வாசி பேருக்கு நிற்பது அந்தக் கடைசி இடத்தில்தான். நம் ஊர்க் கிளைகளுக்கு ஸ்விஃப்ட் கோடே தனியாக இருக்காது, பெரிய கிளையின் கோடுதான், ஆகவே கிளையில் இருப்பவர் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்பது பொய் இல்லை.

கிளையன்டிடம் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் செய்தியின் நகல் கேளுங்கள், 2025 நவம்பர் வரை எம்டி 103 என்று இருந்தது, இப்போது பேக்ஸ்.008. அவர் வங்கி கொடுக்கும். அதில் யுஇடிஆர் என்று 36 எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்க்க முடியும். அந்த நகலோடு உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு மெயில் போடுங்கள், இன்வாய்ஸையும் சேர்த்து. அப்புறம் வங்கியில் நீங்கள் பதிந்திருக்கும் மெயிலை, ஸ்பாம் உட்பட, ஒரு முறை தேடிப் பாருங்கள். ‘டிஸ்போசல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ (வந்த பணம் எதற்கு, அதை என்ன செய்வது என்று நாம் தர வேண்டிய பதில்) கேட்டு எழுதியிருப்பார்கள், நாம் பதில் போடாமல் இருந்திருப்போம். எனக்கு முதல் தடவை அப்படித்தான் 12 நாள் நின்றது.

கணக்கிடம்_கிருஷ்ணகிரி:

மேலே சொன்னது சரி. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பர்ப்பஸ் கோடு, அதாவது பணம் எதற்காக வந்தது என்று வங்கி பதியும் குறியீடு. நீங்கள் செய்யும் வேலைக்கு பி0802, அதாவது மென்பொருள் ஆலோசனையும் அமைத்துக் கொடுத்தலும். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களாக ஒன்றைப் போடுவார்கள். எங்களிடம் வந்த ஒருவருக்கு இரண்டு வருட வரவு முழுவதும் பி1301-இல் ஏறியிருந்தது. அது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான கோடு. இது சேவை ஏற்றுமதி என்று ஜிஎஸ்டியில் காட்டப் போனபோது கையில் ஒரு தாளும் ஒத்துப்போகவில்லை, ஒவ்வொரு வரவுக்கும் திருத்தம் கேட்டு நடையாய் நடந்தார். அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்ததால்தான் யார் கேட்டாலும் இதை முதலில் சொல்கிறேன்.

பணம் ஏறியதும் எஃப்ஐஆர்ஏ, அதாவது வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்று, கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு முறையும். பழைய ஆட்கள் எஃப்ஐஆர்சி என்பார்கள். வருட வரவு 20 லட்சம் தாண்டும் வரை சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை, வெளிநாட்டு கிளையன்ட் என்பதாலேயே பதிய வேண்டும் என்பதும் இல்லை, 2017 அக்டோபர் அறிவிப்பிலேயே அது தெளிவாகிவிட்டது. தாண்டினால் பதிந்து, ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே பில் போடலாம்.

டபிள்யூ-8பென் பயப்பட வேண்டியதே இல்லை. நான் அமெரிக்கர் இல்லை என்று கிளையன்டுக்குக் கொடுக்கும் உறுதி அது, அவர் கோப்பில்தான் இருக்கும். வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண். வேலையை இந்தியாவில் உட்கார்ந்து செய்வதால் அமெரிக்காவில் பிடித்தம் வராது. இங்கே வருமான வரி உண்டு, அதை மறக்க வேண்டாம்.

பாலக்கோடு_சப்டைட்டில்:

யுஎஸ்டிடி வேண்டவே வேண்டாம் தம்பி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அந்த ஜூலை முதல் 1 சதவீதம் டிடிஎஸ். அதைவிடப் பெரிய ஆபத்து, அதை விற்கும்போது யாரோ முகம் தெரியாதவர் உங்கள் கணக்குக்குப் பணம் போடுவார், அது மோசடிப் பணம் என்றால் உங்கள் கணக்கு முடங்கும். எஃப்ஐஆர்ஏ-வும் கிடைக்காது.

ஆனால் வங்கி வழிதான் எப்போதும் லாபம் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வருவது ஒரு வேலைக்கு 150, 200 டாலர். வயர், அதாவது வங்கியிலிருந்து நேராக வங்கிக்கு, அனுப்பினால் கிளையன்டுக்கே 40, 50 டாலர் கட்டணம், நடு வங்கி வேறு எடுக்கும். பேபால் சதவீதக் கணக்கில் எடுக்கிறது, வயர் தொகை எவ்வளவானாலும் அதே கட்டணம். சின்னத் தொகைக்கு பேபால்தான் குறைவாகக் கடிக்கிறது. நான் மூன்று வேலையைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட ஆரம்பித்த பிறகு பயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவைக்கு மாறினேன், அவர்கள் அமெரிக்கக் கணக்கு எண் ஒன்று தருகிறார்கள், கிளையன்டுக்கு அது உள்ளூர் அனுப்புதல் மாதிரி.

ஓசூர்_கோடர்:

அக்கா சொல்வது உண்மை, 1,000-க்கு மேல்தான் வயர் நியாயம். கட்டணம் யார் தலையில் என்பதற்கு ஓயுஆர் (எல்லாம் அனுப்புபவருக்கு), எஸ்எச்ஏ (இருவரும் பகிர்ந்து) என்று அனுப்பும்போது கேட்கும். பேசும்போதே ஓயுஆர் என்று சொல்லி, அந்தச் செலவை விலையில் சேர்த்துவிடுங்கள்.

காரிமங்கலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மெயில் வந்திருந்தது, கல்லூரியில் படிக்கும்போது கணக்கு தொடங்கக் கொடுத்த பழைய ஐடிக்கு. கடவுச்சொல்லை மீட்டுத் திறந்தால் 6 நாள் முன்னமே இன்வாய்ஸ் கேட்டிருக்கிறார்கள். பி0802 என்று எழுதி, இன்வாய்ஸோடு திங்கள் காலை பதில் போட்டேன், இன்று மதியம் ஏறிவிட்டது. 1,175 டாலருக்கான ரூபாய், 25 நடு வங்கி எடுத்திருக்கிறது. எஃப்ஐஆர்ஏ கேட்டு எழுதிவிட்டேன், மெயில் ஐடியையும் மாற்றக் கொடுத்துவிட்டேன். குழாய் வாங்க நாளை அப்பாவோடு தர்மபுரி போகிறேன்.