மூன்று தடவை காற்று எடுத்தும் கெட்டியாகாத பெடல்

என்னிடம் இருப்பது 1967 எம்ஜிபி, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், சர்வோ (மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) இல்லை. நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் போவது ஒரே சர்க்யூட்டில், ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. அதனால்தான் அரியாங்குப்பம் பாலத்திலிருந்து இறங்கும்போது பெடல் பாதிக்கு மேல் உள்ளே போனதும் வயிற்றைக் கலக்கிவிட்டது. முன்னால் போன ஆட்டோ சட்டென நின்றுவிட்டது. ரெண்டாவது மிதியில்தான் என் வண்டி பிடித்தது.

காற்று புகுந்திருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். முதலியார்பேட்டை வீட்டு வாசலில், மகனை மிதிக்கச் சொல்லி மூன்று ஞாயிற்றுக்கிழமை காற்று எடுத்தேன், அதாவது சக்கரத்தருகே ஆயிலைக் கொஞ்சம் திறந்துவிட்டு அதோடு காற்றையும் வெளியேற்றினேன். வந்த ஆயில் டிகாஷன் நிறம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். டாட் 4 ரகப் புது பிரேக் ஆயில் கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும், ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். ஆக, ஆயில் மாற்றியது நல்லதுதான். பெடல் மட்டும் பஞ்சு மாதிரியே இருந்தது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெரியவர், பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரில் கை பழகிய மெக்கானிக். போனில் சொன்னதும், "வண்டிய எடுத்துக்கிட்டு வராத தம்பி, நானே பஸ்ல வர்றேன்" என்றார்.

வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து ஒரு மிதி, அடுத்தடுத்து ரெண்டு மிதி. பெடல் கொஞ்சம் மேலே வந்தது, ஆனால் மேலே வந்தும் துள்ளியது. பிறகு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தார். கீழே இறங்கவில்லை.

இந்த வண்டியில் ரப்பர் ஹோஸ் மூன்று: முன்னால் ரெண்டு, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. இரும்புக் குழாய் வந்து சேரும் நுனியிலேயே மூன்றுக்கும் கிளாம்ப் போட்டு ஆயில் போவதை அடைத்தார். (வழவழப்பான வாய் உள்ள கிளாம்ப். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் ஹோஸ் உள்ளே கிழிந்துவிடும்.) பெடல் கல் மாதிரி நின்றது. "மாஸ்டர் நல்லாருக்கு, அதக் கழட்டாத." மாஸ்டர் என்றால் பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்.

ஒவ்வொன்றாக எடுத்தார். பின் கிளாம்பை எடுத்ததும் பெடல் ஆழமாக இறங்கி, ரெண்டு மிதியில் கெட்டியானது: டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூ தளர்ந்திருக்கிறது. இடது முன்பக்கம் எடுத்தபோது சொல்லும்படி மாற்றம் இல்லை. வலது முன்பக்கத்தை எடுத்தார், பஞ்சு திரும்பி வந்தது. "கைய வச்சுப் பாரு." அந்த ஹோஸை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். மகன் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் நரம்பு புடைக்கிற மாதிரி விரலுக்கடியில் உப்பி அடங்கியது. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. பார்வைக்குப் புதுசு போல இருந்ததை நம்பித்தான் மூன்று வாரம் வீணாக்கியிருக்கிறேன்.

ஷூவை அன்றே சரிசெய்தார். பின்தட்டில் இருக்கும் சதுரத் தலை அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை முறுக்கி, சக்கரம் தடையில்லாமல் சுற்றும் அளவுக்குத் திருப்பிவிட்டார். முன் ஹோஸ் ரெண்டும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இது இன்ச் மரை. உள்ளூரில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரை ரெண்டு சுற்று ஏறி, பிடித்த மாதிரி இருக்கும். தயவுசெய்து அதை முறுக்காதீர்கள், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் மரை போய்விடும்.

மாட்டி, இடது பின் சக்கரத்தில் தொடங்கி ஒரே தடவைதான் காற்று எடுத்தோம். பெடல் இப்போது மேலேயே கெட்டியாக நிற்கிறது. பின் ஆக்ஸில் ஹோஸும் அதே வயசுதான், அதற்கும் ஆர்டர் போட்டாச்சு. வந்து மாட்டும்வரை கடலூர் ரோட்டில் வண்டியை இறக்கப் போவதில்லை.