தாய்ச்சி தொடங்கி மூணு மாசம், இடது முட்டியில் வலி: நிறுத்திடணுமா?

கமலா, அங் மோ கியோ

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 52 வயசு. இங்க சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக்குக் கீழ்த்தளத்துல தினமும் காலையில ஆறே முக்காலுக்கு ஒரு பதினைஞ்சு பேர் தாய்ச்சி பண்றாங்க, மெதுவா அசைஞ்சு செய்யற சீனப் பயிற்சி. எல்லாரும் சீனப் பெரியவங்க, பாதிப் பேருக்கு 70 தாண்டியிருக்கும். மூணு மாசத்துக்கு முன்னாடி நாலாம் மாடி ஆன்ட்டி என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. அன்னிலேருந்து விடாம போறேன். யாங் பாணி, 24 அசைவு.

லாவ்ஷி, அதாவது வாத்தியார், மாண்டரின்லதான் சொல்லித் தருவார். எனக்குப் புரியறது "மான் மான் லாய்" மட்டும்தான், மெதுவா மெதுவான்னு அர்த்தம். கடைசி வரிசையில நின்னு முன்னால இருக்கிறவங்களைப் பார்த்துப் பண்றேன். கை அசைவெல்லாம் ஓரளவு வந்துடுச்சு.

ரெண்டு வாரமா இடது முட்டியில உள்பக்கமா வலி. பண்ணும்போது பெருசா தெரியல. பிறகு எம்ஆர்டி ரயில் நிலையப் படி இறங்கும்போது சுருக்குன்னு குத்துது. வீக்கம் இல்ல. முட்டி கால் விரலைத் தாண்டக் கூடாதுன்னு யூடியூப்ல பார்த்தேன், அதைக் கவனமா பார்த்துக்கிறேன். தாழ்வா உட்கார்ந்து பண்ணா தொடைக்குப் பலம்னு கொஞ்ச நாளா இன்னும் கீழே இறங்கிப் பண்றேன்.

எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு, கடைசி ஆறு வருஷம் வீட்டை விட்டு இறங்கவே இல்ல. எனக்கும் அப்படி ஆகிடக் கூடாதுன்னுதான் இதைத் தொடங்கினேன். இதுவே முட்டியைக் கெடுத்துடுமோன்னு இப்போ பயமா இருக்கு. விட்டுடணுமா, இல்ல மாத்திப் பண்ணணுமா?

சுப்பையா, தோ பாயோ

தங்கச்சி, எனக்கு 66 வயது. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். முட்டியைக் கெடுத்துக்கொண்டு மீண்டவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிக்கும் அசைவு வருகிறதே, ஆரம்ப அசைவுக்கு அடுத்தது. இடதுகால் முன்னால் வைத்து முதல் முறை முடித்துவிட்டு, வலதுகாலை முன்னால் கொண்டுவர வேண்டும். அதற்கு முன் இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியாக வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் எடை எந்தக் காலில் இருக்கிறது? முன்னால், இடதுகாலிலேயே இருக்கிறது என்றால் உங்கள் வலிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

முட்டி ஒரு கீல் மாதிரி. மடங்கும், நீளும். மடங்கி இருக்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும், ஆனால் மிகக் கொஞ்சம். முழு எடையும் ஏறிய பாதம் தரையில் அழுந்தி நிற்கும்போது உடம்பைத் திருப்பினால், அந்தத் திருகல் எங்காவது போயாக வேண்டும். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பு தளர்ந்திருந்தால் அது வாங்கிக்கொள்ளும். நமக்கெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தே இறுகிப்போன இடுப்பு. அதனால் திருகல் நேராக முட்டிக்கு வருகிறது. இரண்டு எலும்புக்கு நடுவில் பிறை வடிவில் மெனிஸ்கஸ் என்று குருத்தெலும்பு இருக்கிறது, அரைபடுவது அது.

முறை என்னவென்றால், பாதத்தைத் திருப்பும் முன் பின்னங்காலில் உட்கார வேண்டும், அதாவது எடையை அந்தக் காலுக்கு மாற்ற வேண்டும். முன்பாதம் தானாக லேசாகும், விரல்கள் எழும்பும். குதிகாலை ஊன்றி, இடுப்பு திரும்பும்போது பாதமும் கூடவே திரும்பட்டும். பாதம் முழுசாகப் படிந்த பிறகுதான் எடையை அதில் மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். எடை இல்லாத காலைத் திருப்பு, எடை நிறைந்த காலைத் திருப்பாதே. என் முட்டியைக் காப்பாற்றியது இந்த ஒரு விஷயம்தான்.

நான் கற்றுக்கொண்ட விதம் வேறு. ஐந்தாவது மாதம், குருவியின் வாலைப் பிடிக்கும் அசைவை இடப்பக்கம் முடித்து வலப்பக்கத்துக்கு மாறும் திருப்பம். 7ஆவது அசைவிலிருந்து 8ஆவதுக்குப் போகிற இடம். அங்கே இடது பாதம் உட்பக்கமாக நிறையத் திரும்ப வேண்டும். எனக்குப் பின்னால் உட்காரப் பொறுமை இல்லை. எடையை வைத்துக்கொண்டே பாதத்தை இழுத்தேன். உள்ளே ஏதோ நழுவிய மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. நான்கு மாதம் சும்மா இருந்தேன். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ஏணி ஏறி இறங்கியபோதுகூட எனக்கு அந்த வலி வந்ததில்லை.

நீங்கள் பின்வரிசையில் நின்று பார்த்துச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கவலை. கை போகிற இடம் கண்ணுக்குத் தெரியும், எடை போகிற இடம் தெரியாது. கையையே பார்த்துக் கற்றவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ஒரு வாரம் கையைத் தொங்கவிட்டுவிடுங்கள். குழுவில் வயதில் மூத்த, நன்றாகச் செய்கிற ஒருவருக்குப் பக்கவாட்டில் நின்று, அவர் காலை மட்டும் பாருங்கள்.

விரலைத் தாண்டக் கூடாது என்று பார்க்கிறீர்கள், சரி. அதைவிட முக்கியம் முட்டி உட்பக்கமாகச் சரிகிறதா என்பது. மடக்கி நிற்கும்போது குனிந்து பார்த்தால் முட்டிக்கு உள்பக்கம் பெருவிரல் தெரிய வேண்டும். முட்டி பெருவிரலை மறைத்தால் உள்ளே சாய்கிறது என்று அர்த்தம். பின்னங்காலையும் கவனியுங்கள், முன்னால் தள்ளும்போது அந்த முட்டிதான் யாரும் பார்க்காமல் உள்ளே விழும். இரண்டு பாதமும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. தண்டவாளம் மாதிரி, நடுவில் தோள் அகலம் இடம் விட்டு அடி வையுங்கள். கோடு குறுகினால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், பழையபடி முட்டிதான் திருகும்.

தாழ்வாகச் செய்வதை இன்றோடு நிறுத்துங்கள். இந்த 24 அசைவை 1956இல் சீன விளையாட்டு ஆணையம் சுருக்கி அமைத்ததே பொதுமக்கள் எளிதாகக் கற்கத்தான். உயரமாக நின்று, முட்டியைக் கொஞ்சம் மட்டும் தளர்த்திச் செய்தாலும் தொடை நடுங்கும், செய்து பாருங்கள். பாம்பு தாழ்ந்து ஊரும் அசைவு 16, 17இல் வருகிறது. அதில் தரைவரை இறங்க வேண்டாம், பாதி உயரம் போதும். நான் இன்னும் பாதிதான் போகிறேன்.

பிரேமா, இயன்முறை மருத்துவர், ஈப்போ

கமலா அக்கா, பயப்படாதீங்க. 2016இல் பாஸ்டனில் முட்டித் தேய்மானம் உள்ள 204 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 12 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை தாய்ச்சி கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு இயன்முறை சிகிச்சை. வலி குறைந்ததில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்க வாத நோய் மருத்துவர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியும் முட்டித் தேய்மானத்துக்குத் தாய்ச்சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. உங்கள் அம்மாவுக்கு வந்ததைத் தடுக்க நினைத்து நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல வழிதான்.

ஆனால் உள்பக்க வலிக்குக் காரணம் பல இருக்கலாம். நேரில் பார்க்காமல் மெனிஸ்கஸ் என்றோ தேய்மானம் என்றோ நான் சொல்ல மாட்டேன். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது திடீரென்று விட்டுக்கொடுத்தாலோ, வீங்கினாலோ, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தாலோ தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரைப் பாருங்கள். இவை இல்லாவிட்டாலும் இரண்டு வார வலியை ஒருமுறை காட்டுவது நல்லது.

சுப்பையா ஐயா சொன்ன திருப்பம் பற்றி முழு உடன்பாடு. விரலைத் தாண்டும் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் படி இறங்கும்போதெல்லாம் முட்டி விரலைத் தாண்டத்தான் செய்கிறது, அதுவே கேடு இல்லை. ஆழமாக மடங்க மடங்க முட்டிச்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும் என்பதால், வலி இருக்கும் காலத்தில் குறைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அதற்குப் பயந்து பின்பக்கம் சாய்ந்து நிற்கிறவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் அளவு இது: செய்யும்போது லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் நேற்று செய்தது அதிகம். பயிற்சியை இப்போதைக்குப் பதினைந்து நிமிடமாகக் குறையுங்கள். அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவதை ஒரு வேளைக்குப் பத்து முறை செய்யுங்கள். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கி இறக்குவதும் வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவில்லாதவர்களுக்கு முட்டி உள்ளே சரிவது சகஜம்.

ராஜி, உட்லண்ட்ஸ்

அக்கா, லாவ்ஷிகிட்டப் போய் "வோ ஷீகாய் தெங்"னு சொல்லுங்க. எனக்கு முட்டி வலிக்குதுன்னு அர்த்தம். சொல்லிட்டு முட்டியைத் தொட்டுக் காட்டுங்க, போதும். அவர் "ஜோங்ஷின்"னு அடிக்கடி சொல்வார், கேட்டிருப்பீங்க. உடம்போட எடை எங்க நிக்குதோ அதைத்தான் அப்படிச் சொல்றாங்க. "ஜோங்ஷின் ஹோவ் யி"ன்னா எடையைப் பின்னால கொண்டு போங்கன்னு அர்த்தம். "சோங் குவா"ன்னா இடுப்பு மடிப்பைத் தளர்த்துங்க. இந்த ரெண்டும் காதுல விழுந்தா, கையை விட்டுட்டு முதல்ல காலைப் பாருங்க.

கமலா, அங் மோ கியோ

மூணு வாரம் ஆச்சு, வந்து சொல்லணும்னு இருந்தேன். மருந்தகத்துல காட்டினேன். மாட்டிக்கல, வீக்கம் இல்ல, நடங்க, தாழ்வா உட்காராதீங்கன்னாங்க.

ராஜி சொன்ன மாதிரியே லாவ்ஷிகிட்டச் சொன்னேன். அவர் வகுப்பை நிறுத்திட்டு என்னைக் குதிரைப் பிடரி அசைவைப் பண்ணச் சொன்னார். முதல் அடி முடிச்சு நான் இடது பாதத்தைத் திருப்பப் போனேன். அவருக்கு 74 வயசு, அப்படியே குந்தி உட்கார்ந்து என் பாதத்தை ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டார். திருப்ப முடியல. "ஜோங்ஷின் ஹோவ் யி"ன்னார். பின்னங்கால்ல உட்கார்ந்தேன். அப்புறம்தான் கையை எடுத்தார். பாதம் அதுவா திரும்பிச்சு.

மூணு மாசமா ஒவ்வொரு காலையும் அந்த இடத்துல அவர் அதையேதான் சொல்லிட்டு இருந்திருக்கார். நான் அதை அசைவோட பேருன்னு நினைச்சுட்டேன்.

சுப்பையா அண்ணே, கையைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பண்ணேன். நாலாம் மாடி ஆன்ட்டியோட காலைத்தான் பார்த்தேன். அவங்க ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாடி பின்னால உட்கார்றாங்க. இத்தனை நாள் பக்கத்துலயே நின்னும் நான் கவனிக்கல. பிரேமா சொன்ன நாற்காலிப் பயிற்சியையும் ரெண்டு வேளை பண்றேன். எம்ஆர்டி படியில இப்போ குத்தல் இல்ல, லேசா ஒரு இறுக்கம் மட்டும் இருக்கு. 7லேருந்து 8க்குப் போற திருப்பம்தான் இன்னும் பயமா இருக்கு. அந்த இடம் வந்ததும் நான் நின்னுடறேன். அவங்க திரும்பி முடிச்சதும் நாலு சின்ன அடி வச்சுத் திரும்பி, மறுபடி சேர்ந்துக்கிறேன். லாவ்ஷி பார்த்துட்டுத் தலையாட்டினார்.